செடியா பிரிச்சாச்சு, பார்ட்ஸ் இருக்கு – கிருஷ்ணகிரி மாவட்டம்

காவேரிப்பட்டணம்_செடியா

எல்லாருக்கும் வணக்கம். 2008 மாடல் மிட்சுபிஷி செடியா, 2.0 பெட்ரோல், மேனுவல், சில்வர். எங்க சித்தப்பா வண்டி. 2023ல தொப்பூர் கணவாய் இறக்கத்துல பின்னாடி இருந்து ஒரு லாரி வந்து அடிச்சு, இடது பக்கம் முழுசும் தடுப்புச் சுவர்ல தேய்ச்சுக்கிட்டே போய் நின்னுச்சு. உள்ள இருந்தவங்க சின்னச் சின்ன காயத்தோட தப்பிச்சாங்க, அது போதும். ஆனா வண்டி போயிடுச்சு. டிக்கி ஃப்ளோர் மடிஞ்சு, இடது நடு பில்லர் உள்ள வந்து, கூரை வரைக்கும் சுருக்கம் விழுந்திருச்சு. இன்சூரன்ஸ்ல டோட்டல் லாஸ் போட்டாங்க, உடைஞ்ச வண்டிய நாங்களே வச்சுக்கிட்டோம். 2024லயே ஆர்.சி. கேன்சல் பண்ணி, பேப்பர் எல்லாம் கையில இருக்கு.

முன்பக்கம் அடி இல்ல, அதனால நல்ல சாமான் நிறைய தேறுது. இன்ஜின் (4ஜி94), கியர்பாக்ஸ், ரெண்டு டிரைவ் ஷாஃப்ட், ஸ்டீயரிங் ராக் (ஸ்டீயரிங்க திருப்பினா முன் சக்கரத்த திருப்புறது), பவர் ஸ்டீயரிங் பம்ப், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், ஏ.சி. கம்ப்ரசர், ரேடியேட்டர், ரெண்டு ஹெட்லைட், முன் பம்பர், பானெட், வலது பக்க ரெண்டு டோர் கண்ணாடி மோட்டரோட, டேஷ்போர்டு, மீட்டர், சீட்டு, முன்னாடி ரெண்டு லோயர் ஆர்ம், வலது பின்பக்க ஆர்ம் எல்லாம், இ.சி.யு (இன்ஜினோட கம்ப்யூட்டர்) சாவியோட. இடது டோர், டிக்கி, டெய்ல் லைட், பின் பம்பர், பின் கண்ணாடி கேக்காதீங்க, எதுவும் மிஞ்சல.

ஒரே ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடுறேன். ஓடிக்கிட்டு இருக்குற செடியா வச்சிருக்கறவங்களுக்குத்தான் முதல் உரிமை. வாங்கி வச்சு ரெண்டு மடங்கு விலைக்கு விக்கிறவங்க கடைசியா வாங்க.

அரூர்_ஆட்டோ

மொத்தமா என்ன சொல்றீங்க தம்பி? எனக்கு எல்லாத்தையும் சேர்த்து ஒரே ரேட்டு பேசுங்க, நாளைக்கே டாடா ஏஸ் அனுப்புறேன், பணம் கையில. தனித்தனியா வித்தீங்கன்னா ஒரு வருஷம் ஷெட்டுல இடத்த அடைச்சுக்கிட்டு கெடக்கும், நல்லது போய் கழிசல் மட்டும் உங்ககிட்ட நிக்கும். அனுபவத்துல சொல்றேன்.

காவேரிப்பட்டணம்_செடியா

நீங்க சொல்றது நடக்குறதுதாங்கண்ணா. ஆனா மொத்தமா போனா இன்ஜின், கியர்பாக்ஸ், ஹெட்லைட் மட்டும் கடைக்கு வரும், மிச்சம் கேஸ் கட்டிங் போட்டு எடைக்குப் போயிடும். டோர் பீடிங், ஏ.சி. கண்ட்ரோல் நாப், வைப்பர் லிங்க், இந்த மாதிரி சின்னச் சாமானுக்குத்தான் ஊர் ஊரா அலையறாங்க. இந்த வண்டி 2006ல வந்துச்சு, திருவள்ளூர்ல இந்துஸ்தான் மோட்டார்ஸ் பிளான்ட்ல செஞ்சது, விக்கிறத நிறுத்தி பல வருஷம் ஆச்சு. ஆயில் ஃபில்டர், பிரேக் பேட் மாதிரி ஓடுற ஐட்டம் எங்கயாச்சும் கெடச்சிரும். ஒரு ஹெட்லைட் உடைஞ்சா? மீட்டர் போனா? இன்னொரு செடியாவுல இருந்துதான் எடுத்தாகணும், வேற வழி இல்ல. அதான் நட்டு போல்ட் உட்பட கவர்ல போட்டு எழுதி வச்சிருக்கேன். இடம் அடைச்சா அடைச்சுட்டுப் போகட்டும், மாங்கா சீசனுக்கு மட்டும்தான் அந்த ஷெட்டு வேணும்.

நாகர்கோவில்_செடியா

அண்ணே, ராக் எடுத்து வச்சிடுங்க எனக்கு!! என் வண்டியில ராக் லீக் ஆகி ஆயில் ஊத்தி ஊத்தி ஓட்டிட்டு இருக்கேன், ரெண்டு தடவ சீல் கிட் மாத்தியாச்சு, மறுபடி ஒழுகுது, உள்ள ஷாஃப்ட்டே கோடு விழுந்துருக்குன்னு சொல்லிட்டாங்க. விலை என்ன, கண்டிஷன் எப்படி? கொஞ்சம் ஃபோட்டோ போடுங்க.

காவேரிப்பட்டணம்_செடியா

ராக் 9,000 தம்பி. ஃபோட்டோ இன்னைக்கு ராத்திரி போடுறேன். ஆனா ராக்க ஃபோட்டோவ பார்த்து வாங்கக் கூடாது, யார்கிட்ட வாங்கினாலும் சரி. ரெண்டு முனையிலயும் இருக்குற ரப்பர் பூட்டோட கிளிப்ப கழட்டி, பூட்ட பின்னாடி தள்ளிப் பாக்கணும். உள்ள காஞ்சிருக்கணும், கிரீஸ் மட்டும் இருக்கலாம். பூட்ட அமுக்கும்போது சளக் சளக்னு சத்தம் வந்தா உள்ள ஆயில் தேங்கியிருக்கு, அந்த ராக்க தொடவே தொடாதீங்க. அப்புறம் ஒரு பக்க எல்லையில இருந்து இன்னொரு எல்லை வரைக்கும் கையால பினியன (ஸ்டீயரிங் தண்டு வந்து மாட்டுற பல்லு முனை) திருப்பிப் பாருங்க, நடுவுல இறுக்கம் இருக்கக் கூடாது. நேரா ஓட்டுற இடம்தான் அதிகம் தேயும், அதனால நடுவுல லூசா இருந்து ரெண்டு முனையில டைட்டா இருந்தாலும் தேஞ்ச ராக்தான்.

இது ரெண்டையும் வீடியோ எடுத்து அனுப்புறேன், பூட்ட கழட்டி டார்ச் அடிச்சு. பார்த்துட்டு பணம் போடுங்க.

பாலக்கோடு_பையன்

அண்ணா வணக்கம் எனக்கு ஒரு டவுட் மிட்சுபிஷியோட ராலி வண்டி எவோ செவன் எய்ட் நைன் எல்லாம் செடியா பாடிதானே அப்ப எவோ இன்ஜின் 4ஜி63 டர்போ எங்கயாச்சும் கெடச்சா நம்ம செடியாவுல அப்படியே உக்காந்துருமா உங்க ஷெல்ல எனக்கு குடுங்களேன் நான் ப்ராஜெக்ட் பண்றேன்

ஓசூர்_லேத்

தம்பி, ஆசை நல்ல ஆசை. டாமி மாக்கினன் 1996ல இருந்து 1999 வரைக்கும் தொடர்ந்து நாலு வருஷம் உலக ராலி சாம்பியன் ஆனது லேன்சர் எவோவுலதான், அத பார்த்து வளந்தவங்க நாங்களும். எவோ 7, 8, 9 செடியா தளத்துல வந்ததுன்னு நீ சொல்றதும் சரிதான். ஆனா தளம் ஒண்ணுன்னா சாமான் ஒண்ணுன்னு அர்த்தம் இல்லப்பா. எவோ நாலு வீல் டிரைவ். நடுவுல ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் போகணும், பின்னாடி டிஃபரன்ஷியல் உக்காரணும், பின் சப்ஃப்ரேம் வேற, பெட்ரோல் டேங்க் வேற. செடியா முன் வீல் டிரைவ். 4ஜி94யும் 4ஜி63யும் ரெண்டும் ரெண்டு லிட்டர்தான், ஆனா வேற வேற குடும்பம், மவுண்டிங்ல இருந்து வயரிங் வரைக்கும் எல்லாம் தனியா செய்யணும். சட்டப்படி பார்த்தா இன்ஜின் மாத்தினா மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுல ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில ஏத்தணும்.

அது போக, அந்த ஷெல்லு. நடு பில்லர் மடிஞ்ச பாடி அது. அதுல டர்போ இன்ஜின் போடுறேன்னு நீ சொல்றத கேட்டாலே எனக்கு வயித்த கலக்குது. வேணாம்பா.

நல்ல ஓடுற செடியா ஒண்ணு வாங்கு, புஷ்ஷு, ஷாக், பிரேக்கு எல்லாம் புதுசு போடு, நல்ல டயர் போடு. பின்னாடி மல்டிலிங்க் சஸ்பென்ஷன் உள்ள வண்டி அது, நம்ம ஊர் தேசிய ராலியில ஒரு காலத்துல வரிசையா செடியாதான் நிக்கும். 115 குதிரை சக்தியே உனக்கு இப்போதைக்கு ஜாஸ்தி.

பாலக்கோடு_பையன்

சரிங்கண்ணா புரிஞ்சுது. ஷெல் வேணாம். ஷாக் அப்சார்பர் இருக்கா?

காவேரிப்பட்டணம்_செடியா

முன்னாடி ரெண்டு இருக்கு, ஆனா விக்கல. ஓடி முடிச்ச ஷாக் அது, ராட அமுக்கினா மெதுவா திரும்ப வரணும், ஒண்ணு பாதியிலயே நிக்குது. ஸ்ட்ரட் மவுண்டும் ஸ்பிரிங்கும் மட்டும் நல்லா இருக்கு, அத தனியா தரேன். ஷாக்கு புதுசு வாங்கிக்கோ தம்பி.

தர்மபுரி_29

பார்ட்ஸ் விஷயம் ஓகே. நான் பேப்பர் பத்தி கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க. போன வருஷம் எங்க ஏரியாவுல ஒருத்தர் பழைய இன்ஜின் வாங்கி போட்டாரு, எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போனப்போ நம்பர் வேற ஒரு மாநிலத்துல காணாம போன வண்டியோடதுன்னு தெரிஞ்சு, ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் நடையா நடந்தாரு. வாங்கினவர் எந்தத் தப்பும் பண்ணல, கடைக்காரர் குடுத்த துண்டு சீட்டுதான் அவர்கிட்ட இருந்த ஒரே ஆதாரம். நீங்க என்னென்ன குடுப்பீங்க?

காவேரிப்பட்டணம்_செடியா

தப்பே இல்ல, இத எல்லாரும் கேக்கணும்னுதான் நான் எதிர்பாக்குறேன்.

வண்டி நாசமாயிருச்சுன்னா, இல்ல இனிமே ஓடாதுன்னா, 55வது பிரிவுப்படி ஓனர் 14 நாளைக்குள்ள இல்ல முடிஞ்ச சீக்கிரம் ஆர்.டி.ஓ.வுக்கு எழுதிக் குடுத்து ஆர்.சி.ய ஒப்படைக்கணும். சித்தப்பா அத செஞ்சாரு. லோன் ஏற்கனவே முடிஞ்சு ஹைப்பாதிகேஷன் (ஆர்.சி.யில இருக்குற லோன் அடமானக் குறிப்பு) எடுத்தாச்சு. சேசிஸ் நம்பர் இருக்குற தகட்ட வெட்டி அங்கயே குடுத்தாச்சு, கேன்சல் ஆன ஆர்டர் காப்பி இருக்கு. ஃபாஸ்டாக்கும் க்ளோஸ் பண்ணியாச்சு, இத நிறைய பேர் மறந்துடுறாங்க.

வாங்கறவங்களுக்கு: கேன்சல் ஆர்டர் காப்பி, சித்தப்பா கையெழுத்துப் போட்ட ரசீது, அதுல என்ன பார்ட், என்ன விலை, எந்த வண்டியில இருந்து கழட்டினதுன்னு எழுதியிருக்கும். இன்ஜின் வாங்கறவங்களுக்கு இன்ஜின் நம்பரோட தேய்ப்பு எடுத்து ரசீதுல ஒட்டித் தருவேன். பென்சிலால தாள்ல தேய்ச்சு எடுக்குறது, ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எடுப்பாங்கல்ல, அதே மாதிரி.

நீங்களும் சும்மா என் பேச்ச நம்ப வேணாம். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட வாகன் சமன்வய் வெப்சைட்ல இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் போட்டா திருட்டு வண்டியான்னு காட்டும். பணம் போடுறதுக்கு முன்னாடி போட்டுப் பாருங்க. நம்பர் நான் முழுசா தனி மெசேஜ்ல தரேன், இங்க பொதுவுல போட்டா எவனாச்சும் எடுத்து வேற வண்டிக்கு அடிச்சிடுவான், அதனால இங்க போட மாட்டேன்.

ஓசூர்_லேத்

இத சொன்னதுக்கு நன்றி தம்பி. திருட்டுப் பொருள்னு தெரிஞ்சோ, தெரிஞ்சிருக்க வேண்டிய நிலையிலயோ வாங்கினா பாரதிய நியாய சன்ஹிதா 317, பழைய ஐ.பி.சி. 411. அதனால சல்லிசா வருதுன்னு பேப்பர் கேக்காம வாங்கினா, "எனக்குத் தெரியாது சார்"னு சொல்லி தப்பிக்கிறது கஷ்டம். நாலாயிரம் மிச்சம் புடிக்கப் போய் நாலு வருஷம் வாய்தாவுக்கு அலையணும்.

இன்னொண்ணு. 2025 ஏப்ரல் 1ல இருந்து ஆயுள் முடிஞ்ச வண்டிகளுக்குத் தனி சுற்றுச்சூழல் விதி வந்திருக்கு. இனிமே யாராச்சும் வண்டிய முடிக்கிறதுன்னா பதிவு பெற்ற ஸ்க்ராப்பிங் சென்டர்ல ஒப்படைச்சு, டெபாசிட் சர்ட்டிஃபிகேட் வாங்கி, அப்புறம்தான் ஆர்.சி. கேன்சல். வீட்டு ஷெட்டுல நாமளே பிரிக்கலாம்னு இந்த இழைய பார்த்து யாரும் கிளம்பிடாதீங்க. இவர் வண்டி 2024லயே முடிஞ்சது, அது வேற. உங்களுக்கு உடைஞ்ச வண்டி இருந்தா ஆர்.டி.ஓ.வுல என்ன வழின்னு எழுத்துல கேட்டுக்கோங்க, வாய்ல சொன்னத நம்பி ஒரு போல்ட்டையும் கழட்டாதீங்க.

தர்மபுரி_29

தெளிவா இருக்கு. அப்ப மிச்ச பாடி என்ன ஆகும்?

காவேரிப்பட்டணம்_செடியா

பாடி ஸ்க்ராப்பிங் சென்டருக்குத்தான் போகுது, பேசியாச்சு. சாமான் கழட்டின பாடின்னு முன்னாடியே சொல்லி ஒத்துக்கிட்டாங்க. ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாம் தனித்தனி கேன்ல புடிச்சு வச்சிருக்கேன், ஏ.சி. கேஸ மெக்கானிக் வந்து மெஷின்ல இழுத்துட்டுப் போனாரு. பாதிப் பேரு கேஸ காத்துல விட்டுடுறாங்க, டிரெயின் போல்ட்ட கழட்டி ஆயில மண்ணுலயே ஊத்திடுறாங்க. எங்க கிணறு ஷெட்டுக்குப் பின்னாடிதான் இருக்கு, எனக்கு அது ஆகாது.

ஊத்தங்கரை_டீச்சர்

வணக்கம் தம்பி. எங்க அப்பா ஓட்டின செடியா என்கிட்ட இருக்கு. அப்பா போனதுக்கு அப்புறம் விக்கச் சொல்லி எல்லாரும் சொன்னாங்க, மனசு வரல. 15 வருஷம் முடிஞ்சு ஆர்.சி. அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிச்சாச்சு, 2022க்கு அப்புறம் அந்த ஃபீஸே 5,000, க்ரீன் டாக்ஸ் வேற. வண்டி நல்லா ஓடுது, டிரைவர் பக்கக் கண்ணாடி மட்டும் இறங்கினா ஏற மாட்டேங்குது, மழை வந்தா அட்டைய வச்சு அடைச்சு ஓட்டுறேன். மெக்கானிக் மோட்டர் போச்சுங்கிறார். இன்னொருத்தர் ஸ்விட்ச்சுங்கிறார். எது வாங்கறதுன்னு தெரியல.

காவேரிப்பட்டணம்_செடியா

அக்கா, எதையும் வாங்கறதுக்கு முன்னாடி இத பாத்துடுங்க. ஸ்விட்ச அமுக்கும்போது டோருக்குள்ள காத வச்சுக் கேளுங்க. மோட்டர் உர்ருனு சுத்துது ஆனா கண்ணாடி ஏறலன்னா ரெகுலேட்டர் கேபிள் அறுந்துருக்கு, மோட்டர் நல்லாத்தான் இருக்கு. ஒரு டிக் சத்தம் மட்டும் வந்தா மோட்டர் ஜாம் ஆகியிருக்கும், இல்ல கண்ணாடி ஓடுற சேனல் ரப்பர் இறுகியிருக்கும். ஒரு சத்தமுமே இல்லன்னா ஸ்விட்ச், இல்ல டோருக்கும் பாடிக்கும் நடுவுல ஒரு ரப்பர் குழாய் போகும் பாருங்க, அதுக்குள்ள வயர் அறுந்துருக்கும். கதவ தெறந்து மூடித் தெறந்து மூடி அந்த எடத்துல வயர் அறுந்து போறது பழைய வண்டியில ரொம்ப சகஜம். அது ஒரு வயர் ஜாயின்ட் வேலதான், பார்ட்டே வேணாம்.

கதவ மெதுவா ஆட்டிக்கிட்டே ஸ்விட்ச் அமுக்கச் சொல்லுங்க. ஆட்டும்போது கண்ணாடி ஏறினா வயருதான்.

ஊத்தங்கரை_டீச்சர்

ஒரு சத்தமும் வரல தம்பி. நாளைக்கு கதவ ஆட்டிப் பாக்கச் சொல்றேன். ஒருவேள மோட்டர்தான்னா எனக்கு எடுத்து வைங்க.

காவேரிப்பட்டணம்_செடியா

எடுத்து வச்சாச்சு அக்கா, உங்க பேர எழுதி. பாத்துட்டு சொல்லுங்க, அவசரம் இல்ல.

சூளகிரி_டயர்

ப்ரோ, அலாய் வீல் இருக்கா? டயரோட?

காவேரிப்பட்டணம்_செடியா

வலது பக்க ரெண்டு அலாய் நல்லா இருக்கு, பேலன்சிங் மெஷின்ல போட்டு சுத்திப் பாத்தாச்சு, ஆட்டம் இல்ல. இடது ரெண்டும் சுவர்ல உரசினது, அத யாருக்கும் தர மாட்டேன், உருக்கத்தான் போகும். டயர் விக்கல. டயர் சைடுல கடைசி நாலு நம்பர் பாருங்க, 1117ன்னு இருக்கு, 2017ல 11வது வாரம் செஞ்சது. பூ (டிரெட்) நல்லா இருக்கு, ஆனா ரப்பர் இறுகிப் போச்சு. பாத்தா புதுசு மாதிரி இருக்கும், மழையில பிரேக் அடிச்சாத்தான் தெரியும்.

பாலக்கோடு_பையன்

அண்ணா ஏர்பேக் இருக்கா என் ஃப்ரெண்டு வண்டியில ஏர்பேக் லைட் எரியுது ஸ்டீயரிங்கோட குடுத்தா மாட்டிக்குவோம்

காவேரிப்பட்டணம்_செடியா

இல்ல. ஏர்பேக், சீட் பெல்ட் ரெண்டும் யாருக்கும் இல்ல, எவ்ளோ குடுத்தாலும் இல்ல. கொஞ்சம் நீளமா சொல்றேன், படி தம்பி.

ஏர்பேக்னா பலூன் மட்டும் இல்ல, உள்ள வெடிமருந்து இருக்கு. டக்காடான்னு ஜப்பான் கம்பெனி, உலகத்துல நிறைய வண்டிக் கம்பெனிக்கு ஏர்பேக் குடுத்தவங்க. அவங்க இன்ஃப்ளேட்டர்ல (பலூன ஊத வைக்கிற இரும்புக் கூடு) அம்மோனியம் நைட்ரேட் போட்டிருந்தாங்க, வருஷக்கணக்கா சூட்டுலயும் ஈரத்துலயும் இருந்து அது கெட்டுப் போச்சு, ஏர்பேக் விரியும்போது இரும்புக் கூடே வெடிச்சு துண்டு துண்டா ஓட்டுறவர் மேல பாஞ்சுது. உலகம் முழுக்க கோடிக்கணக்கான வண்டிய திரும்பக் கூப்பிட்டாங்க, நம்ம நாட்டுலயும்தான், 2017ல அந்தக் கம்பெனி திவாலாச்சு. கம்பெனியில மாட்டின ஏர்பேக்குக்கே அந்த கதி. அடி வாங்கின வண்டியில இருந்து எடுத்து, ஷெட்டுல வெயில்ல கெடந்தத மாட்டினா, விரிய வேண்டிய நேரத்துல விரியுமான்னு யாராலயும் சொல்ல முடியாது, பரிசோதிச்சும் பாக்க முடியாது. பரிசோதிச்சா தீர்ந்துச்சு, அது ஒரு தடவ வெடிக்கிற சாமான். சீட் பெல்ட்டும் ஒரு ஆக்சிடென்ட்ல இழுபட்டா அதோட நூலு பலம் போச்சு.

லைட் எரியறதுக்கு வேற காரணம் எத்தனையோ இருக்கு, ஸ்டீயரிங் உள்ள சுத்துற கிளாக் ஸ்பிரிங் அறுந்தா கூட எரியும். ஸ்கேனர் போட்டு கோட எடுத்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்.

அரூர்_ஆட்டோ

ஏர்பேக்க நானும் விக்கிறதில்ல தம்பி, அதுல உன் கூடத்தான் நிக்கிறேன். சரி மொத்தமா வேணாம், இன்ஜினுக்கு என்ன ரேட்டு? கஸ்டமர் ஒருத்தர் இருக்கார், தர்மபுரி வண்டி, ஓடிட்டு இருந்த செடியா, ஆயில் இல்லாம ஓட்டி பேரிங் புடிச்சிருச்சு. உண்மையான ஓனர், வியாபாரத்துக்கு இல்ல.

காவேரிப்பட்டணம்_செடியா

அப்படின்னா தாராளமா தரேங்கண்ணா. இன்ஜின் 55,000, ஹார்னஸ் (வயரிங் மொத்தமும்), இ.சி.யு, சாவியோட. தனியா இ.சி.யு கேட்டவங்களுக்கு நான் தராம வச்சிருக்குறதே இதுக்குத்தான், சாவி, சாவிய சுத்தி இருக்குற ஆன்டெனா ரிங், இ.சி.யு எல்லாம் ஒரே வண்டியோடதா இருந்தா பின்னாடி தலவலி இல்ல.

ஹார்னஸ நான் எங்கயும் வெட்டல. பிரிக்கிறவங்க நிறைய பேரு கட்டிங் ப்ளையர வச்சு கரகரன்னு வெட்டி இன்ஜின தூக்கிடுவாங்க, சீக்கிரம் முடியும்னு. அப்புறம் வாங்கினவன் ஒவ்வொரு கலரா தேடி ஜாயின்ட் போட்டு, ஒரு வருஷம் கழிச்சு எங்கயோ ஒரு எடத்துல எர்த் புடிச்சு நடுரோட்டுல நிப்பான். ஒவ்வொரு கனெக்டருக்கும் ஒரு லாக் இருக்கு, பழைய பிளாஸ்டிக் இறுகி இருக்கும், கொஞ்சம் ஹேர் டிரையர்ல சூடு காட்டி, சின்ன ஸ்க்ரூ டிரைவர வச்சு லாக்க தூக்கினா முழுசா வரும். அப்படித்தான் மொத்தத்தையும் எடுத்தேன். ஒவ்வொண்ணுலயும் டேப் சுத்தி எழுதியிருக்கு, இன்ஜெக்டர் ஒண்ணு, ரெண்டு, காய்லு, த்ராட்டில், ஆக்சிஜன் சென்சார்னு.

ஓசூர்_லேத்

கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள அழுத்தம் எவ்ளோன்னு) எடுத்தீங்களா?

காவேரிப்பட்டணம்_செடியா

எடுத்துட்டுத்தான் இறக்கினேன். இன்ஜின் வண்டியில இருக்கும்போதே சூடு பண்ணி, நாலு ப்ளக்கையும் கழட்டி, ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸ எடுத்துட்டு, த்ராட்டில முழுசா தெறந்து வச்சு, நல்ல பேட்டரி போட்டு. நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு, மூணாவது மட்டும் கொஞ்சம் கம்மி, பத்து சதவீதத்துக்குள்ளதான். அதுல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுத்தேன், பெருசா ஏறல, அப்ப ரிங் நல்லா இருக்கு, வால்வு பக்கம்தான் லேசா. வீடியோ இருக்கு, நாலு சிலிண்டரும் ஒரே ஷாட்ல, கட் பண்ணல.

டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், பின் கிராங்க் சீல், இது நாலையும் புதுசு போட்டுத்தான் ஏத்தணும். இருக்குற பெல்ட்ட வச்சே ஓட்டிக்கலாம்னு கஸ்டமர் சொன்னா இன்ஜின் தர மாட்டேன், கோவிச்சுக்காதீங்க. இன்ஜின் வெளிய இருக்கும்போது அர நாள் வேல, உள்ள போனப்புறம் அதே வேலைக்கு பாதி வண்டிய கழட்டணும்.

அரூர்_ஆட்டோ

பெல்ட்டெல்லாம் போடாம நான் எந்த இன்ஜினையும் ஏத்தினதில்ல. 50,000 முடிப்பமா?

காவேரிப்பட்டணம்_செடியா

கஸ்டமருக்கு ஆர்.டி.ஓ.வுல இன்ஜின் நம்பர் மாத்தி ஏத்திக் குடுக்குற பொறுப்ப நீங்க எடுத்துக்கிட்டா 52,000. அனுமதி மொதல்ல, இன்ஜின் அப்புறம். பேப்பர் நான் மொத்தமும் தரேன். அது இல்லாம சும்மா மாட்டி விட்டுட்டா நாளைக்கு ஆக்சிடென்ட்னு வந்தா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சுடுவான், அந்தக் குடும்பம்தான் அனுபவிக்கும்.

அரூர்_ஆட்டோ

ஒத்துக்கிட்டேன். ஞாயித்துக்கெழம போச்சம்பள்ளி சந்தைக்கு வரேன், அப்படியே காவேரிப்பட்டணம் வந்து இன்ஜின கண்ணால பாத்துட்டு அட்வான்ஸ் குடுக்குறேன். அனுமதி வந்ததும் வண்டி அனுப்புறேன்.

தர்மபுரி_29

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (சைலன்சர் பக்கம் பொகைய சுத்தம் பண்றது) இருக்கா? ஒருத்தர் நல்ல விலைக்குக் கேக்குறார்.

காவேரிப்பட்டணம்_செடியா

இருக்கு. உள்ள இருக்குற பிளாட்டினம், பல்லேடியம், ரோடியத்துக்காகத்தான் கேக்குறாங்க, வண்டியில மாட்ட இல்ல. அது ஒரு செடியா ஓனருக்குத்தான் போகும். கன்வெர்ட்டர புடுங்கிட்டு நேர் குழாய் போட்ட வண்டி எத்தனையோ இருக்கு, பொகை டெஸ்டுல திணறுது, அவங்க யாராச்சும் கேட்டா தரேன். உங்ககிட்ட கேட்டவர்கிட்ட அப்படியே சொல்லிடுங்க.

நாகர்கோவில்_செடியா

அண்ணே வீடியோ பாத்தேன், பூட் உள்ள சுத்தமா இருக்கு. 9,000 போட்டாச்சு. எப்படி அனுப்புவீங்க? போன தடவ வேற ஒருத்தர்கிட்ட வாங்கின டிரைவ் ஷாஃப்ட் சாக்குல சுத்தி வந்து பூட் கிழிஞ்சு மண்ணோட வந்துச்சு.

காவேரிப்பட்டணம்_செடியா

பணம் வந்துச்சு தம்பி. ராக்ல இருக்குற ஆயில முழுசா வடிச்சு, பைப் போற ஓட்டைய எல்லாம் பிளாஸ்டிக் மூடியால அடைச்சு, டை ராட் முனை நூலுக்கு ரப்பர் ட்யூப் மாட்டி, பலக பெட்டியில அடிச்சு அனுப்புறேன். மாம்பழம் போற பெட்டிதான், எங்க ஊர்ல அதுக்குப் பஞ்சமில்ல, நீளத்துக்கு ரெண்டு பெட்டிய சேர்த்து ஆணி அடிச்சாச்சு. கிருஷ்ணகிரி பார்சல் ஆபீஸ்ல போட்டா நேரா உங்க ஊர் வரும், அங்க வந்து எடுத்துக்கணும். ஆயில் ஒழுகுற பார்சல ஏத்த மாட்டாங்க, அதான் வடிக்கிறேன்.

வந்ததும் பெட்டிய தெறக்குறப்போ வீடியோ எடுங்க. ஏத்தினதும் பழைய பவர் ஸ்டீயரிங் ஆயில முழுசா மாத்துங்க, டேங்க்ல இருக்குற அழுக்கு புது ராக்குக்குள்ள போனா மறுபடி சீல் போகும். அதோட வீல் அலைன்மென்ட் கட்டாயம். பம்ப்பும் சத்தம் போட்டா சொல்லுங்க, அதையும் உங்களுக்கே வச்சிருக்கேன்.

ஊத்தங்கரை_டீச்சர்

தம்பி, கதவ ஆட்டினப்போ கண்ணாடி பாதி ஏறிச்சு! ரப்பர் குழாய்க்குள்ள ரெண்டு வயர் அறுந்திருந்துச்சாம், சேர்த்து சுத்தி விட்டாரு, 300 ரூபாய் வாங்கினார். கண்ணாடி ஏறி எறங்குது. மோட்டர வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க. வலது ஹெட்லைட் மட்டும் மஞ்சளா போயிருக்கு, அது வேணும், விலை சொல்லுங்க.

காவேரிப்பட்டணம்_செடியா

ரொம்ப சந்தோஷம் அக்கா. ஹெட்லைட்ட இப்போதைக்கு வாங்க வேணாம். மேல இருக்குறது பாலிகார்பனேட் பிளாஸ்டிக், வெயில்ல மேல் பூச்சு போயி மஞ்சளாகுது, உள்ள கண்ணாடி மாதிரி இருக்குற ரிஃப்ளக்டர் பளபளன்னு இருந்தா பாலிஷ் போட்டு மேல யு.வி. கோட்டிங் அடிச்சா போதும். ரிஃப்ளக்டர் கறுத்திருந்தாத்தான் மாத்தணும். ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க, லைட் போடாம ஒண்ணு, போட்டு ஒண்ணு. என்கிட்ட இருக்குற ரெண்டும் மவுண்டிங் காது உடையாம இருக்கு, காது உடையாத செடியா ஹெட்லைட் இப்ப கெடைக்கிறது அபூர்வம், நாளைக்கு யாராச்சும் இடிச்சு உடைச்சுட்டு வந்து நிப்பாங்க.

கண்ணாடி மோட்டர் ஃப்ரீ ஆச்சு, டிரைவர் பக்கம், வேணுங்கிறவங்க சொல்லுங்க. ராக் போச்சு. இன்ஜின் அரூர் அண்ணனுக்கு ஹோல்டு. கியர்பாக்ஸ் இருக்கு, 22,000, ஆயில் வடிச்சப்போ மேக்னட் போல்ட்ல சாம்பல் பசை மாதிரி மட்டும்தான் ஒட்டியிருந்துச்சு, பல்லு துண்டு எதுவும் இல்ல, ஃபோட்டோ போட்டிருக்கேன் பாருங்க. டேஷ்போர்டு, மீட்டர், சீட்டு, ஏ.சி. கம்ப்ரசர் எல்லாம் அப்படியே இருக்கு. பாடி அடுத்த மாசம் ஸ்க்ராப்புக்குப் போகுது, அதுக்கு முன்னாடி பீடிங், க்ளிப்பு, கிரவுண்ட் வயர், பிரேக் பைப் பிராக்கெட் மாதிரி பாடியோட ஒட்டியிருக்குறது ஏதாச்சும் வேணும்னா இப்பவே சொல்லிடுங்க, கழட்டி வச்சிடுறேன்.